நாடகத் துறைக்கு வாத்தியார் யார்?

போன மாசம் தங்கச்சி மகன் அந்தியூரிலிருந்து போன் பண்ணினான். பி.சி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருப்பவன். வேலைக்கு ஏதாவது சொல்லி வைக்கச் சொல்வான் என்று நினைத்துத்தான் எடுத்தேன். "மாமா, நாடகத்துல எம்.ஏ. படிக்கலாம்னு இருக்கறனுங்க. எந்த ஊர்ல ஆரு சொல்லிக் குடுக்கறாங்கன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றான். பின்னாலிருந்து அவன் அம்மா குரல்: "கேளு, கேளு. உங்க மாமன்தான உன்னையக் கெடுத்ததே."

பொய்யில்லை. மாரியம்மன் நோம்பிக் கூத்துக்கு அவனை அஞ்சு வயசில் தோளில் தூக்கிப் போய் விடிய விடிய உட்காரவைத்தது நான்தான்.

எங்கே படிக்கலாம், என்ன செலவாகும் என்று கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் பதில் சொல்லியிருப்பேன். அவன் கேட்டது "ஆரு சொல்லிக் குடுக்கறாங்க". நாடகத் துறையைப் பற்றிக் கேட்க வேண்டிய சரியான கேள்வி இது ஒன்றுதான். அதற்குப் பதில் தேடப் போய், இந்தப் பதிவு வந்து நிற்கிற இடம் வேறு.

கோயமுத்தூரில் இஞ்சினியரிங் படிக்க ஆட்டோ பிடித்தால் போதும். நாடகம் படிக்க பஸ்ஸோ ரயிலோ ஏற வேண்டும். கிழக்கே தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம், அதற்கும் வடகிழக்கே புதுச்சேரிப் பல்கலைக்கழகம். இரண்டையும் விட நமக்குப் பக்கம், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் வந்துவிடும் திருச்சூர். அங்கே அரணாட்டுக்கரையில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது. 1977இல் ஜி. சங்கரப்பிள்ளை தொடங்கியது.

இந்த மூன்று இடங்களிலும் முதல் தலைமுறை ஆசிரியர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். நேர் வழியில் வந்தவர்கள் குறைவு. திருச்சூரைத் தொடங்கிய சங்கரப்பிள்ளை, அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1967இல், சாஸ்தாங்கோட்டையில் 'நாடகக் களரி' என்று பட்டறை போட்டவர். களரி என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்கள் பக்கம் கூத்தாடுகிற இடத்துக்கும் அதுதான் பெயர். அவருடன் திருச்சூரில் நின்றவர் நம் நாங்குநேரிக்காரர் சே. இராமானுஜம். காந்திகிராமத்தில் வாத்தியாராக இருந்தவர், குழந்தைகளோடு நாடகம் செய்தே கற்பித்தலைக் கற்றுக்கொண்டவர். பிறகு தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறைக்கு வந்தார். 2008இல் சங்கீத நாடக அகாதெமி விருது வாங்கினார். 2016 டிசம்பரில் காலமானார். தமிழில் நவீன நாடகம் செய்கிறவர்களிடம் யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சுற்றிச் சுற்றி அவர் பெயர் வரும்.

அதே துறையில் இருந்த மு. ராமசாமி மதுரையில் நிஜ நாடக இயக்கம் நடத்தியவர். ஆய்வுப் பட்டம் வாங்கியது தோற்பாவை நிழற்கூத்தில். புதுச்சேரித் துறையின் முதல் தலைவர் இந்திரா பார்த்தசாரதி. டில்லியில் தமிழ்ப் பேராசிரியர், வைணவத்தில் ஆய்வு செய்தவர், நாடக ஆசிரியர். மேடைக்கு அவர் போனது பேனாவோடு. அங்கே சில ஆண்டுகள் கற்பித்த அ. ராமசாமி, பின்னால் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்குப் போனார். கே.ஏ. குணசேகரன் நாட்டுப்புறப் பாடகர். இவர்கள் எல்லாரும் தமிழ்த் துறையின் கொல்லைப்புற வாசல் வழியாக நாடகத் துறைக்குள் வந்தவர்கள். துறை என்று ஒன்று இல்லாதபோது துறையில் பட்டம் வாங்கியவர் எங்கிருந்து வருவார்?

இப்போது அந்தச் சிக்கல் இல்லை. துறைகள் பட்டதாரிகளை உருவாக்கிவிட்டன. அதனால் வாசலும் நேராகிவிட்டது. எவ்வளவு நேராகிவிட்டது என்று பார்க்க, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறையை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். ஆசிரியர் நியமனத்துக்கான குறைந்தபட்சத் தகுதிகளைச் சொல்லும் ஆவணம். எனக்குத் தொழிலே ஸ்பெக் படிப்பது. இருபது வருஷமாக வாடிக்கையாளர் எழுதித் தருவதில் எது இல்லை என்று தேடிக்கொண்டிருக்கிறேன், சம்பளமே அதற்குத்தான். அந்தப் புத்தி இங்கேயும் வேலை செய்தது.

உதவிப் பேராசிரியர் ஆக வழக்கமான வழி எல்லாருக்கும் தெரியும். முதுகலையில் 55 சதவீதம், நெட் தேர்ச்சி அல்லது பிஎச்.டி. கலைத் துறைகளுக்கு மட்டும் இரண்டாவது வழி ஒன்று உண்டு: கலைஞர் என்ற முறையில் வருவது. இசைக்கும் நடனத்துக்கும் அந்த வழியில் என்ன கேட்கிறார்கள்? ஒரு இளங்கலைப் பட்டம். அதோடு, பேர்பெற்ற மரபுவழி ஆசானிடம் கற்றிருக்க வேண்டும், வானொலி தொலைக்காட்சியில் உயர்தரக் கலைஞராக இருக்க வேண்டும், பாடத்தைக் காரணத்தோடு விளக்கத் தெரிய வேண்டும். நல்ல விதி. ஒரு நாதஸ்வரக்காரர் இன்னாரிடம் குருகுலமாக இருந்து கற்றேன் என்று சொன்னால் அது தகுதியாக எண்ணப்படும்.

அடுத்து நாடகம். அதிலும் 'மரபுவழிக் கலைஞர் அல்லது தொழில்முறைக் கலைஞர்' என்றுதான் தொடங்குகிறது. ஆஹா என்று அடுத்த வரிக்குப் போனால், தேசிய நாடகப் பள்ளியிலோ அதுபோல அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திலோ முதல் வகுப்புப் பட்டம் அல்லது பட்டயம் வாங்கியிருக்க வேண்டும் என்கிறது. கூடவே ஐந்து வருஷ மேடை அனுபவம், ஆதாரத்தோடு. ஆசானிடம் கற்றது என்ற வரி நாடகத்துக்கு இல்லை.

மூன்று தடவை படித்தேன், கண் தப்பியிருக்குமோ என்று. தப்பவில்லை. இசைக்கு இருக்கிற குரு நாடகத்துக்குக் கிடையாது. 'மரபுவழி' என்ற சொல்லை மேலே போட்டுவிட்டுக் கீழே அந்த மரபுக்காரர் யாருமே நுழைய முடியாதபடி நிபந்தனை. எங்கள் தொழிலில் இப்படி எழுதினால், வேறு பக்கத்திலிருந்து நகல் எடுத்து ஒட்டியிருக்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவோம்.

இது எழுத்தர் செய்த பிழை என்று நான் நினைக்கவில்லை. இசை என்றால் குரு-சிஷ்யர், நாடகம் என்றால் பள்ளி என்ற எண்ணம் டில்லியிலிருந்து பார்க்கிறவருக்கு இயல்பாக வரும். தேசிய நாடகப் பள்ளி 1959இல் தொடங்கியது. 1962 முதல் 1977 வரை அதை நடத்தியவர் இப்ராஹிம் அல்காசி, லண்டன் ராடாவில் பயின்றவர். மாபெரும் ஆசிரியர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாடகக் கல்வி என்றாலே அந்தக் கிளை மட்டும்தான் என்றால் நம் ஊரில் 'வாத்தியார்' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு அந்தச் சொல் மேடைக்கும் சொந்தம். நாடகக் கம்பெனியில் கதை எழுதி, பாட்டுக் கட்டி, பையன்களுக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுத்து ஆட்டத்தை மேடையேற்றுகிறவர் வாத்தியார். 1918இல் டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பையன்களாகச் சேர்ந்த கம்பெனியில் சங்கரதாஸ் சுவாமிகள் அந்த வேலையில் இருந்தார். சண்முகத்துக்காக அபிமன்யு நாடகத்தை ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்த கதையைச் சண்முகமே பதிவு செய்திருக்கிறார். அந்தக் கதையை எல்லாரும் வேகத்துக்காகச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு: இந்தப் பையன் குரலுக்கு, இந்த வயசுக்கு, இந்த உடம்புக்கு என்று அளவெடுத்துத் தைத்த நாடகம் அது. மாணவனைப் பார்த்துப் பாடத்திட்டம் எழுதுவது என்றால் இதுதான்.

கொங்கு நாட்டிலும் அந்தச் சங்கிலி உண்டு. பூளவாடியில் 1899இல் பிறந்த நாராயணகவியை நாம் சினிமாப் பாட்டால் அறிவோம். அவருக்கு வாத்தியார் உடுமலை சரபம் முத்துசாமிக் கவிராயர். கவிராயர் மேடைக்குச் சொல்லிக்கொடுத்த தமிழ்தான் பின்னால் ஊர் ஊராகத் திரையில் கேட்டது. ஈரோட்டில் 1944இல் டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகத்துக்கென்றே மாநாடு கூட்டியிருக்கிறார்கள். நாடகம் பற்றி யோசிக்க இந்தப் பக்கத்தில் ஆளில்லாமல் போகவில்லை.

சுவாமிகள் 1922 நவம்பரில் புதுச்சேரியில் மறைந்தார். புதுச்சேரிப் பல்கலைக்கழக நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். அந்தப் பள்ளியில் அவருக்கே உதவிப் பேராசிரியர் வேலை கிடைக்காது என்று ஒரு வாக்கியம் எழுதினால் நன்றாகக் கைதட்டு விழும். நானும் எழுதித்தான் வைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்துப் படித்தபோது அது பாதி உண்மை என்று தோன்றியது.

மற்றப் பாதியைச் சொல்ல குணசேகரன் வேண்டும். சிவகங்கைப் பக்கத்து தலித் குடும்பத்தில் 1955இல் பிறந்தவர். 'வடு' என்ற தன்வரலாறும் 'பலி ஆடுகள்' நாடகமும் எழுதியவர். புதுச்சேரியில் நாடகப் பேராசிரியராக இருந்தார். 2016 ஜனவரியில் மறைந்தார். அவரை எந்த வாத்தியார் பரம்பரை உள்ளே விட்டிருக்கும்? கம்பெனி நாடகத்தில் பிரம்பு இருந்தது. கூத்தில் வாத்தியார் பெரும்பாலும் மகனுக்கும் மருமகனுக்கும்தான் முழுசாகச் சொல்லிக்கொடுப்பார். எந்தச் சாதி ஆள் எந்த ஊர்க் களரியில் ஆடலாம் என்பதற்கு எழுதாத விதி உண்டு. பெண் வேஷம் உண்டு, பெண் கிடையாது. பட்டம், நேர்காணல், இட ஒதுக்கீடு என்ற சலிப்பூட்டும் சங்கதிகள்தான் இந்தக் கதவைத் திறந்தன. மரபு மரபு என்று உருகுகிறவர்கள், நானும் சேர்த்துத்தான், இதைக் கொஞ்சம் முழுங்கிவிட்டுத்தான் உருகுகிறோம்.

ஆகவே பட்டத்தை எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. பட்டம் வாங்கியவரின் பக்கத்தில் வாத்தியாருக்கும் ஒரு நாற்காலி, அதுவும் நிரந்தர நாற்காலி, ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன்.

இதற்குப் பதிலாக 2022இல் வந்த 'நடைமுறைப் பேராசிரியர்' திட்டத்தைச் சிலர் காட்டுகிறார்கள். பதினைந்து வருஷ அனுபவம் இருந்தால் படிப்புச் சான்றிதழ் கட்டாயமில்லை; கலைத் துறைக்கும் உண்டு. நல்லதுதான். ஆனால் பணியிடங்களில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடாது, பொதுவாக மூன்று வருஷம், மிஞ்சினால் நான்கு. கூத்தில் ஒரு பையன் சின்ன வேஷம் கட்டி, பிறகு கர்ணனோ துரியோதனனோ ஆக அதைவிட அதிக காலம் ஆகும். விருந்தாளிக்கு இலை போடுகிற மாதிரி இது. சமையல்கட்டுக்குள் விடமாட்டார்கள். பாடத்திட்டக் குழுவில், மாணவர் சேர்க்கையில், இந்தப் பையனுக்கு இந்த வேஷம் ஆகாது என்று முடிவெடுக்கிற இடத்தில் அவர் இருக்க வேண்டாமா?

பல்கலைக்கழகத்துக்கு வெளியே இந்த நாற்காலியைப் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையில் புரிசை கண்ணப்ப தம்பிரான் வந்து கூத்து கற்றுக்கொடுத்தார். நகரத்து நடிகர்களின் உடம்பு மாறியதற்கு அதுவும் காரணம். காஞ்சிபுரம் பக்கத்தில் பெ. ராஜகோபால் கட்டைக்கூத்துக் குருகுலம் நடத்தி, பெண் பிள்ளைகளையும் வேஷம் கட்டவைத்தார். நான் மேலே சொன்ன மரபின் குறையை மரபுக்காரரே திருத்தினார் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

எங்கள் பக்கத்து வாத்தியார் ஒருவரைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். பெயர் வேண்டாம், கூச்சப்படுவார். ஆட்டம் நடக்கும்போது பின்பாட்டுக்காரர்களோடு நின்றுகொண்டு தாளத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். வேஷக்காரனுக்கு விருத்தத்தில் அடி மறந்தால் இவர் குரல் முன்னால் போய் எடுத்துக் கொடுக்கும், கூட்டத்துக்குத் தெரியாது. தூங்கி வழியும் மூன்று மணிக்குக் கோமாளியை உள்ளே விடுவார். எந்த ஊரில் எந்தக் கதையை எவ்வளவு நீட்டலாம், எங்கே சுருக்கணும் என்பது அவருக்குத் தெரியும். இதற்கு எந்தப் படிவத்தில் என்ன மதிப்பெண் போடுவீர்கள்? ஆனால் 'பேர்பெற்ற ஆசானிடம் கற்றவர்' என்று ஒரு வரி இருந்தால், குறைந்தபட்சம் அவரிடம் கற்று, டிகிரியும் முடித்த ஒரு பையன் விண்ணப்பம் போட முடியும். இசைப் பிரிவில் இருக்கிற வரிதான். புதிதாக எழுதக்கூட வேண்டாம்.

இதையெல்லாம் மருமகனிடம் போனில் முக்கால் மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரிங்க மாமா, அப்ப நான் எங்க சேர்றது?" என்றான்.

எங்கே போனாலும் ஆசிரியர்களிடம் மூணு கேள்வி கேட்டுட்டு வா என்றேன். கடைசியா எப்ப நாடகம் போட்டீங்க, உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்க, வருஷத்தில் எத்தனை நாள் மரபுக் கலைஞர் வகுப்புக்கு வர்றாங்க. மூணாவது கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டான் போல, அதைத் திருப்பிச் சொன்னான். மலையாளம் பழகிக்கலாம் மாமா என்றும் சொன்னான். வர்ற சனிக்கிழமை ரெண்டு பேரும் திருச்சூர் போகிறோம். அவன் அம்மாவிடம் குருவாயூர் போகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.