இரண்டு விரற்கடைத் தண்ணீர்

காலை ஆறரை மணிக்கு எங்கள் முற்றத்து மண்சட்டியின் விளிம்பில் வந்து உட்காருகிறது வண்ணாத்திக்குருவி. வந்ததும் இறங்கிவிடுவதில்லை. வாலை நிமிர்த்துகிறது, தாழ்த்துகிறது. செம்பருத்திப் புதரை ஒரு பார்வை, மதிலை ஒரு பார்வை. பிறகு ஒரு காலை மட்டும் தண்ணீருக்குள் நீட்டி அடியைத் தொடுகிறது. தரை தட்டிய பின்தான் மறுகால். வயிறு நனையும் அளவுக்கு மேல் அது ஒருநாளும் போனதில்லை. அந்த ஒற்றைக் காலின் தயக்கத்தைக் கவனித்தவருக்குப் பறவைத் தொட்டியின் இலக்கணம் முழுவதும் விளங்கிவிடும்.

கேரளத்தின் தமிழக எல்லைப்புறத்தில் இருக்கும் எங்கள் பெருங்கடவிளை வறண்ட ஊர் அல்ல. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் துலாமழை என்னும் வடகிழக்குப் பருவமழையும் ஆண்டுக்கு இருமுறை நனைக்கிற மண் இது. பெரும்பாலான வீடுகளில் கிணறு உண்டு. ஆனால் ஆழக் கிணற்றின் தண்ணீர் குருவிக்கு எட்டாது. மூடிய டாங்கின் தண்ணீரும் எட்டாது. மலையாள மாதமான மகரத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும்போது நிழலும் குறைந்துவிடுகிறது. கும்பம், மீனம் மாதங்களில் ஓடைகள் மெலிந்துபோகின்றன. நமக்குத் தண்ணீர் இருக்கிறது, பறவைக்கு இல்லை என்கிற காலம் அது. அந்த இடைவெளியை ஒரு சட்டி நிரப்பும்.

எந்தச் சட்டி என்பதை நெய்யாற்றிடம் கேட்கலாம். எங்கள் பஞ்சாயத்திலேயே ஆற்றங்கரையில் இருக்கிறது அருவிப்புறம்; 1888-இல் ஸ்ரீ நாராயண குரு ஆற்றுக்குள்ளிருந்து எடுத்த கல்லைச் சிவனாகப் பிரதிஷ்டை செய்த இடம். தொழுதுவிட்டு ஆற்றைப் பார்க்கிறவர்கள் கரைப்பாறைகளையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். நீரோட்டம் தேய்த்துத் தேய்த்துப் பாறையில் குழிகள் விழுந்திருக்கின்றன. சிலது உள்ளங்கை அகலம், சிலது முறத்தின் அகலம். விளிம்பில் நகக்கண் அளவுக்குத் தண்ணீர், நடுவில் இரண்டு விரற்கடை. சரிந்து இறங்கும் ஓரம், சொரசொரப்பான அடி. குருவி குளிக்கத் தேடுவது அப்படிப்பட்ட இடத்தைத்தான். நல்ல பறவைத் தொட்டி என்பது அந்த ஆற்றோரத்தைக் கொஞ்சம் பெயர்த்து வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவருவது.

இது புரியாமல் நான் முதலில் வாங்கியது தாமரை இதழ் வைத்த சிமென்ட் தொட்டி. பார்க்க அழகு. ஒரு சாண் ஆழம், செங்குத்தான உட்சுவர், வழவழப்பான பெயின்ட். மைனாக்கள் இதழ் மேல் உட்கார்ந்து எட்டிப் பார்த்தன, போய்விட்டன. ஆழத் தொட்டியில் தவறி விழுந்த அணிலும் குஞ்சும் ஏறிவர வழியில்லை என்பது பிறகுதான் உறைத்தது. உடைந்த செங்கல்லும் கூழாங்கல்லும் போட்டு அடியை உயர்த்திய பிறகே அதில் முதல் குளியல் நடந்தது.

மண்சட்டிக்கு அந்தத் திருத்தம் தேவையில்லை. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற அகன்ற மண்தட்டு போதும். ஒன்றரை அடி அகலம் இருந்தால் தாராளம். பளபளக்கும் பூச்சில்லாத சுட்ட மண்ணில் பறவையின் நகம் வழுக்காது. மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால், பானைத் தண்ணீர் போலவே தட்டுத் தண்ணீரும் குளிர்ந்திருக்கும். தகரமும் எவர்சில்வரும் வெயிலில் கொதித்துவிடும், பிளாஸ்டிக் வழுக்கும். மண்ணின் இந்த அருமை தெரிந்தவர் ஆலுவாவுக்கு அருகே முப்பத்தடத்தில் இருக்கிறார். ஸ்ரீமன் நாராயணன் என்னும் அந்த எழுத்தாளர், கோடையில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லி ஆண்டுதோறும் மண்பாத்திரங்களை இலவசமாகக் கொடுத்து வருகிறார். அவர் கொடுத்த பாத்திரங்கள் ஒரு லட்சத்தை நெருங்குவதாக 2022 மார்ச்சில் பிரதமரின் வானொலி உரையே சொன்னது.

தட்டு வைத்தாயிற்று. இனி நம் வேலை பார்த்துக்கொண்டிருப்பது. ஒரே தண்ணீர்தான், ஆனால் அதைத் தொடும் விதம் பறவைக்குப் பறவை வேறு.

ஒன்பது மணி வாக்கில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வரும். எங்கள் எல்லைப்புறத்தில் மலையாளம் பேசுகிற வீட்டில் அவை பூத்தாங்கீரி. ஏழெட்டு சேர்ந்து வந்தாலும் ஒன்று மட்டும் மாங்கிளையில் காவல் இருக்கும். மற்றவை மூன்றும் நான்குமாக இறங்கும். நெஞ்சைத் தண்ணீரில் அமுக்கி, தலையை முக்கி எடுத்து, அள்ளிய நீரை முதுகின் மேல் வழியவிடும். இறக்கையை அடிக்கும்போது தட்டுக்கு வெளியே ஒரு முழம் வரை மண் நனையும். குளித்தவை கிளையில் நெருக்கி உட்கார்ந்து, ஒன்றின் கழுத்தை மற்றொன்று கோதிவிடும். தன் அலகு எட்டாத இடத்தைத் துணையின் அலகு பார்த்துக்கொள்கிறது.

சின்னான் ஜோடியாக வரும். முக்கு, எழும்பு, மறுபடியும் முக்கு. மூன்று நொடிக்கு மேல் ஒரே இடத்தில் நிற்காது. புள்ளிப்புறா வந்தால் அதன் அலகைக் கவனியுங்கள். மைனா ஒரு வாய் எடுத்துத் தலையை அண்ணாந்து விழுங்கும். புறா அண்ணாப்பதில்லை, அலகை நீருக்குள் வைத்தபடியே மாடு குடிப்பதுபோல் உறிஞ்சும். தையல்சிட்டும் தேன்சிட்டும் தட்டுப் பக்கம் அதிகம் வருவதில்லை. அவற்றுக்கு நனைந்த இலைதான் குளியலறை. தட்டை நிரப்பும்போது அருகிலுள்ள வாழையின் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துவிடுவேன். தேன்சிட்டு அந்த ஈர இலையில் வயிற்றைத் தேய்த்துச் சறுக்கி இறங்கும்போது, வெயில் பட்டு அதன் தொண்டை ஊதாவாக மின்னும்.

குளிர்காலம் விருந்தாளிகளின் காலம். மலையாளத்தில் நாகமோகன் என்றும் தமிழில் அரசவால் ஈப்பிடிப்பான் என்றும் சொல்லப்படுவது தட்டில் இறங்கி நிற்காது. கிளையிலிருந்து பாயும், நீரைத் தொடும், அதே வீச்சில் கிளைக்குத் திரும்பும். ஆண் பறவையின் நீண்ட வெள்ளை வால் நாடாபோல் பின்னால் வளையும். ஒரு சாயங்காலம் நான்கு முறை பாய்ந்தது. எண்ணியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் குளியல் வெறும் விளையாட்டல்ல. ஓர் இறகின் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. தூசி படிந்தால் அந்தப் பிடி தளரும். நீர் தூசியைக் கழற்றும். அலகால் நீவும்போது கொக்கிகள் மறுபடி பூட்டிக்கொள்ளும். பெரும்பாலான பறவைகள் வாலடிச் சுரப்பியின் எண்ணெயையும் மேலே தடவும். அதனால்தான் குளித்த பறவை கோதி முடிக்க அத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்துக்கு அதற்குப் பாதுகாப்பான கிளை ஒன்று வேண்டும். நனைந்த இறகுடன் வேகமாகப் பறக்க முடியாது. ஆகவே பூனை பதுங்கும் புதரிலிருந்து எட்டு, பத்தடி தள்ளித் தட்டை வைக்க வேண்டும். தலைக்கு மேலே ஒரு கிளையும் உச்சிவேளைக்கு நிழலும் இருந்தால் இடம் அமைந்துவிட்டது.

பராமரிப்பு என்பது ஒரு பழக்கம், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் தட்டு இரண்டு. ஒன்றில் தண்ணீர், மற்றொன்று வெயிலில் கவிழ்ந்திருக்கும். மாலையில் பழைய நீரை வாழை மூட்டில் கொட்டி, கதம்பைத் தும்பால், அதாவது தேங்காய் நாரால், உட்புறம் முழுவதும் தேய்த்துக் கழுவுவோம். சோப்பு வேண்டாம், அது இறகின் எண்ணெயைக் கெடுக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டுகிறது. அந்த முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். கேரள சுகாதாரத் துறை வீடுகளில் ஞாயிறுதோறும் தேங்கிய நீரைக் கொட்டும் 'டிரை டே' கடைப்பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான். நாள்தோறும் கழுவுகிற தட்டில் கொசுவுக்கு இடமில்லை. மழைக்காலத்தில் தட்டு தானாக நிரம்பும். அப்போதும் கொட்டத்தான் வேண்டும். தட்டுக்குப் பக்கத்தில் தானியம் இறைப்பதையும் தவிர்த்துவிடுங்கள். எச்சமும் உமியும் சேர்ந்து நீரைக் கெடுக்கும்.

நாளைக் காலையில் உங்கள் முற்றத்திலும் ஓர் அகன்ற மண்தட்டை வையுங்கள். இரண்டு விரற்கடைக்கு மேல் ஊற்ற வேண்டாம். நடுவில் ஒரு கல் வைத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். முதல் நாளே எதுவும் வராமல் போகலாம். தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள்.