பெண்கள் வாக்கும் வேற்றுமை உருபும்

2024 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸ் தோற்றதும் பலரும் கேட்டார்கள்: பெண்கள் ஏன் ஒரு பெண்ணுக்கு வாக்களிக்கவில்லை? 2016இல் ஹிலாரி கிளிண்டன் தோற்றபோதும் இதையே கேட்டார்கள். இரண்டு முறையும் ‘துரோகம்’ என்ற சொல் கூடவே வந்தது. இந்தக் கேள்வியின் கட்டுமானத்திலேயே பிழை இருப்பதாக நான் கருதுகிறேன்.

‘பெண்கள் வாக்கு’ என்பது ஒரு தொகை. இலக்கணம் கற்பிப்பவளுக்குத் தொகையைக் கண்டால் விரித்துப் பார்க்கத் தோன்றும். ‘பெண்களது வாக்கு’ என விரித்தால் பெண்கள் அளித்த வாக்கு என்பதே பொருள். ‘பெண்களுக்கான வாக்கு’ என விரித்தால் பெண்களின் நலன் கருதி அளித்த வாக்கு என்றாகிறது. முன்னது எண்ணிக்கை, பின்னது அரசியல். நம் தேர்தல் பேச்சுகள் முன்னதைக் கையில் வைத்துக்கொண்டு பின்னதை எதிர்பார்க்கின்றன. இரண்டுக்கும் இடையில் மறைந்து நிற்கும் இனத்தையும் கட்சியையும் அவை காண்பதில்லை.

வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்புகளின்படி, 2024இல் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஹாரிஸுக்கே வாக்களித்தார்கள். ஆனால் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினர் டிரம்ப்பைத் தேர்ந்தார்கள். கறுப்பினப் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஹாரிஸ் பக்கம் நின்றார்கள். இது புதிதும் இல்லை. 1952 முதலான அதிபர் தேர்தல்களில் வெள்ளையினப் பெண்கள் ஜனநாயகக் கட்சியை அதிகம் ஆதரித்தது 1964, 1996 ஆகிய இரு முறைதான் என்று அரசியல் அறிவியலாளர் ஜேன் ஜன் சுட்டிக்காட்டியிருக்கிறார். எழுபதாண்டுப் பழக்கத்தைத் துரோகம் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் விசுவாசமாகவே இருந்திருக்கிறார்கள். எதற்கு விசுவாசம், அதற்கு ஈடாக என்ன பெறுகிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டியது.

இதற்கான விடையை ஏஞ்சலா டேவிஸ் 1981லேயே எழுதிவிட்டார். ‘பெண்கள், இனம், வர்க்கம்’ என்ற அவருடைய நூலைத் தேர்தல் முடிந்த வாரத்தில் மறுபடி எடுத்தேன். வாக்குரிமை இயக்கத்தின் வரலாற்றை அவர் தலைவியரின் புகழ்மாலையாக எழுதவில்லை. பிரெடரிக் டக்ளஸ் 1848ஆம் ஆண்டின் செனெகா ஃபால்ஸ் மாநாட்டிலேயே பெண்களின் வாக்குரிமைக்காகப் பேசியவர். அவரையே, அட்லாண்டாவில் 1895இல் நடந்த வாக்குரிமை மாநாட்டுக்கு வர வேண்டாம் என்று சூசன் பி. ஆன்டனி கேட்டுக்கொண்டார். தென்மாநில வெள்ளையினப் பெண்கள் விலகிவிடக் கூடாது என்பதே காரணம். இதைத் தவறு என்று ஐடா பி. வெல்ஸ் ஆன்டனியிடம் நேரிலேயே சொன்னார். 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. தென்மாநிலக் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் அதை உண்மையில் பயன்படுத்த 1965ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘பெண்’ என்ற சொல் யாரைக் குறித்தது, யாரை வெளியே நிறுத்தியது என்பது அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் தெளிவாகவே இருக்கிறது.

கட்சி விசுவாசத்தை வெறும் பழக்கமாகப் பார்ப்பவர்கள் 1964ஐ நினைக்க வேண்டும். அந்த ஆண்டில் குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்ட லிண்டன் ஜான்சன் ஜனநாயகக் கட்சிக்காரர். அதை எதிர்த்து வாக்களித்த பேரி கோல்ட்வாட்டரைக் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளராக்கியது. நாடு முழுக்கத் தோற்ற கோல்ட்வாட்டர், தன் சொந்த மாநிலமான அரிசோனாவைத் தவிர வென்றது ஆழ்தெற்கின் ஐந்து மாநிலங்களை மட்டுமே. அடுத்த சில பத்தாண்டுகளில் தென்மாநில வெள்ளையினத்தவர் கட்சி மாறினார்கள். இனத்தைப் பெயர் சொல்லிப் பேசுவது நாகரிகமற்றது என்றானபோது, அதைப் பேசாமலே வைத்துக்கொள்ளும் பாத்திரமாகக் கட்சி ஆனது. அந்தப் பாத்திரம் வீட்டுக்குள் இருக்கிறது: கணவனின் வருமானம், வீட்டின் விலை, பிள்ளைகளின் பள்ளி எல்லை, ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயம். பெண்ணாக இழப்பதை வெள்ளையினத்தவளாக ஈடுகட்டலாம் என்ற கணக்கு அங்கேதான் போடப்படுகிறது. எல்லா வெள்ளையினப் பெண்களும் இதை ஏற்பதில்லை. கல்லூரிப் பட்டம் பெற்றவர்களில் பெரும்பான்மையினர் ஹாரிஸுக்கே வாக்களித்தார்கள்.

கறுப்பினப் பெண்களின் கட்சி விசுவாசமும் இதுவும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. வாக்காளராகப் பதிய முயன்றதற்காக ஃபேனி லூ ஹேமர் 1962இல் தோட்டத்து வேலையையும் வீட்டையும் இழந்தார். அடுத்த ஆண்டு சிறையில் அடிபட்டார். 1964இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கே போய், வெள்ளையினத்தவர் மட்டுமே கொண்ட மிசிசிப்பிக் குழுவை எதிர்த்து நின்றார். சமரசமாகக் கட்சி நீட்டிய இரண்டு இடங்களை அவரும் தோழர்களும் மறுத்தார்கள். கட்சியோடு சண்டையிட்டபடியே கட்சிக்குள் நிற்கும் விசுவாசம் இது. 2017 அலபாமா செனட் இடைத்தேர்தலில், பதின்வயதுப் பெண்களிடம் முறைகேடாக நடந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ராய் மூருக்கு வெள்ளையினப் பெண்களில் 63 விழுக்காட்டினர் வாக்களித்ததாகக் கணிப்புகள் கூறின. கறுப்பினப் பெண்களில் 98 விழுக்காட்டினர் எதிர் வேட்பாளருக்கு வாக்களித்து அவரைத் தோற்கடித்தார்கள். ‘ஜனநாயகத்தைக் காப்பாற்றினார்கள்’ என்று புகழ்ந்தார்கள். புகழ்ச்சி வந்த வேகத்தில் அதிகாரத்தில் பங்கு வரவில்லை.

ஆனால் இனம் தானாக வாக்களிப்பதில்லை. 2024இல் லத்தீன அமெரிக்க வம்சாவளியினரில் பலர் டிரம்ப்பை நோக்கி நகர்ந்தார்கள். ஒரு மக்களுக்கும் ஒரு கட்சிக்கும் இடையிலான வரலாறு புதுப்பிக்கப்படாவிட்டால் விசுவாசமும் கரையும்.

நம் ஊர்க் கதைக்கும் இதில் பங்குண்டு. ஹாரிஸின் தாய்வழிப் பூர்விகமான துளசேந்திரபுரத்தில் பதாகைகள் கட்டினார்கள், கோயிலில் வழிபாடு நடத்தினார்கள். நம் நாளிதழ்கள் அவரைத் ‘தமிழ்ப் பெண்’ ஆக்கின. தன் மகள்களை அமெரிக்கா கறுப்பினப் பெண்களாகவே பார்க்கும் என்று ஷியாமளா கோபாலன் அறிந்திருந்தார், அப்படியே வளர்த்தார் என்று ஹாரிஸ் எழுதியிருக்கிறார். ஹாரிஸ் திடீரென்று கறுப்பினத்தவராக மாறிவிட்டார் என்று டிரம்ப் ஏளனம் செய்தபோது நாம் கோபப்பட்டோம். அவருடைய கறுப்பை நாமும் பெருமிதத்தோடு அழித்துக்கொண்டிருந்தோம்.

மிசௌரி மாநிலத்தின் முடிவுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைப் பறித்த அன்றே அங்கே தடை அமலானது. 2024இல் அந்த உரிமையை மாநில அரசமைப்பில் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு ஏறத்தாழ 52 விழுக்காட்டினர் ‘ஆம்’ என்றார்கள். அதே நாள், அதே மாநிலம் டிரம்ப்புக்கு 58 விழுக்காடு அளித்தது. கட்சிப் பெயர் இல்லாத கேள்விக்கு உடலின் பக்கமும், கட்சிப் பெயர் உள்ள கேள்விக்குக் கட்சியின் பக்கமும் ஒரே கை வாக்களித்திருக்கிறது.

கட்சிப் பெயரை நீக்கிவிட்டால் பெண்கள் ஒன்றுபடுவார்கள் என்று இதைக்கொண்டு ஆறுதல் அடையலாம். டேவிஸ் அதற்கும் இடம் தரவில்லை. 1970களின் கருக்கலைப்பு உரிமை இயக்கத்தில் கறுப்பினப் பெண்கள் ஏன் குறைவாக இருந்தார்கள் என்று அவர் கேட்கிறார். அவர்களுக்கும் அந்த உரிமை வேண்டியிருந்தது. ஆனால் வற்புறுத்திக் கருத்தடை செய்யப்பட்ட அவர்களுடைய வரலாற்றுக்கு இயக்கத்தின் கோரிக்கைகளில் இடம் இருக்கவில்லை. 1973இல் அலபாமாவில் இரண்டு கறுப்பினச் சிறுமிகளுக்கு அப்படிச் செய்தார்கள். மூத்தவளுக்கு வயது 14.

ஆகவே ‘பெண்களுக்கான வாக்கு’ என்று அடுத்த முறை யாராவது சொன்னால், எந்தப் பெண்களுக்கு என்று கேட்போம். ‘வேற்றுமை’ என்ற சொல்லுக்கு இலக்கணத்தில் ஒரு பொருள், வாழ்க்கையில் ஒரு பொருள். உருபு மறைந்திருக்கும்வரை இரண்டும் மறைந்திருக்கும்.