14ஆவது ஆள்

ரோஸ்டரை நாம் யாரும் ஒரு பிரதியாக வாசித்ததில்லை. அரசியல் சட்டத்தின் 16(4) பற்றி மேடையில் பேசியிருக்கிறோம், மண்டலுக்காகத் தெருவில் நின்றிருக்கிறோம். நிர்வாகப் பிரிவு அலமாரியில் கிடக்கிற அந்த நீள நோட்டை எடுத்துப் புரட்டினோமா? உரிமை என்கிற சொல்லாடல் அங்கேதான் கட்டம் போட்ட கணக்காக மாறுகிறது. கணக்குக்குச் சாதி கிடையாது என்று நாமும் நம்பிக்கொண்டிருந்தோம்.

1997 ஜூலை 2 அன்று மத்திய அரசு வெளியிட்ட மாதிரி ரோஸ்டரின்படி 4ஆவது இடம் பிற்படுத்தப்பட்டவருக்கு, 7ஆவது தலித்துக்கு, 14ஆவது பழங்குடிக்கு. ஏன் 14? 100ஐ 7.5ஆல் வகுத்தால் 13.33. பின்னத்தில் ஆள் எடுக்க முடியாதே, அதனால் 14. 13லேயே கொடுத்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? பின்னம் விழுந்தால் காத்திருக்க வேண்டியவர் யார் என்பது முதலிலேயே முடிவாகிவிட்ட விஷயம்.

இதைவிடப் பெரிய கேள்வி, எதை மொத்தம் என்று வைத்து எண்ணுவது என்பது. 2017இல் அலகாபாத் உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகத்தை மொத்தமாக எண்ணாதே, துறை துறையாக எண்ணு என்றது. 2018 மார்ச் 5இல் பல்கலைக்கழக மானியக் குழு அதை உத்தரவாகவே அனுப்பியது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. (அதே ஜனவரியில்தான் முன்னேறிய சாதி ஏழைகளுக்கான 10 சதவீதம் இரண்டே நாளில் இரண்டு அவைகளிலும் நிறைவேறியது.)

30 துறை, துறைக்கு 4 உதவிப் பேராசிரியர் என்று வையுங்கள். மொத்தம் 120. பல்கலைக்கழகம் ஒரே அலகு என்றால் தலித்துக்கு 18, பழங்குடிக்கு 9, பிற்படுத்தப்பட்டோருக்கு 32. துறை அலகு என்றால்? ஒவ்வொரு துறையிலும் 4ஆவது இடம் மட்டும் பிற்படுத்தப்பட்டவருக்கு, ஆக 30. தலித் பூஜ்யம். பழங்குடி பூஜ்யம். சதவீதத்தில் ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை, சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை. இணைப் பேராசிரியர் இடம் துறைக்கு இரண்டுதான் என்றால் இன்னும் வேடிக்கை. முதல் இருவருக்குப் பின் 11 பேர் வந்த பிறகுதான் 14ஆவது ஆள். ஒருவர் 15 வருஷம் இருந்தால், பழங்குடிக்காரர் 90 வருஷம் வாசலில் நிற்கணும். துறைக்கு ஒரே ஒரு பேராசிரியர் என்றால் அந்தக் கணக்கும் வேண்டாம். ஒற்றைப் பதவிக்கு இடஒதுக்கீடே கிடையாது என்று 1998இலேயே தீர்ப்பாகிவிட்டது.

தெருவில் இறங்கித்தான் இதை மாற்ற வேண்டியிருந்தது. 2019 மார்ச் 5இல் பந்த், 7இல் அவசரச் சட்டம், பிறகு அதே ஆண்டில் நிரந்தரச் சட்டம். பல்கலைக்கழகம் மறுபடி ஒரே அலகாயிற்று. நாமும் வெற்றி என்று சொல்லி வீட்டுக்குப் போனோம். அந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவைப் படித்தோமா? மேன்மைமிகு நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும், அட்டவணையில் பெயர் போட்டு, விலக்கு. மேன்மை இருக்கிற இடத்தில் இவர்கள் வேண்டாம் என்பதை, இடஒதுக்கீடு தருகிற சட்டமே தன் வாயால் சொல்கிறது. நம் எதிரிகள் டீக்கடையில் பேசுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எஸ்டாப்ளிஷ்மென்ட் என்று இருந்ததற்கு இப்போது மனிதவள மேலாண்மை என்று பேர். அந்த மொழியில் ஆள் தேர்வு, பயிற்சி, பதவி உயர்வு எல்லாம் 'வளர்ச்சி'. இடஒதுக்கீடு மட்டும் சட்டத்துக்காகச் செய்து தொலைக்க வேண்டிய சங்கதி. ரோஸ்டர் நாற்காலியைத்தான் குறித்து வைக்கும். உட்கார வைப்பது நேர்காணல் அறை. 'தகுதியானவர் எவருமில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும், நாற்காலி காலியாகவே கிடக்கும். அந்த அறையில் யார் யாருக்கு எத்தனை மதிப்பெண், எதற்காக என்று எழுதி வைக்கச் சொல்லி நாம் எங்கே போராடினோம்?

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவரை அப்படித்தான் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதமே அதே துறையிலிருந்து போன். "கிளாஸ் எடுக்க ஆளில்லப்பா, மணிக்கணக்குல சம்பளம், வந்துடு." போனார். மூன்று வருஷமாக அந்தக் காலி நாற்காலியின் பாடத்தை அவர்தான் நடத்துகிறார்.