பத்து சதவீத விதி: பயனும் பழுதும்

புல்லில் 10,000 கிலோ கலோரி ஆற்றல் இருக்கிறது. வெட்டுக்கிளி, தவளை, பாம்பு வழியாகக் கழுகுக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு? பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் மாணவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு கிலோ கலோரி என்று சொல்லிவிடுவார். படிக்கு ஒரு பூஜ்யத்தை அடித்துக்கொண்டே போனால் விடை வந்துவிடும், மதிப்பெண்ணும் உறுதி. சூழலியலின் அடிப்படைப் பாடங்களில் இதைப்போல எளிதாக மனத்தில் பதிவதும் இல்லை, இதைப்போல அரைகுறையாகப் பதிவதும் இல்லை.

ஒரு படியின் ஆற்றலில் பத்து சதவீதமே அடுத்த படிக்குப் போகும் என்ற இந்த விதிக்குச் சொந்தக்காரர் என்று பாடநூல்கள் குறிப்பிடுவது ரேமண்ட் லிண்டமனை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சீடார் பாக் ஏரி என்ற ஆழமில்லாத சிறு நீர்நிலையில் பாசி, நீர்ச்செடி, மிதவை உயிரி, புழு பூச்சி என்று ஆண்டுக்கணக்கில் அள்ளி அள்ளி அளந்தவர் அவர். அதைக்கொண்டு எழுதிய கட்டுரையை நடுவர்கள் முதலில் திருப்பிவிட்டார்கள். கோட்பாடு அதிகம், தரவு குறைவு என்பது அவர்கள் கட்சி. சூழலியலாளர் ஈவ்லின் ஹட்சின்சன் பரிந்து பேசிய பிறகுதான் 1942இல் 'எக்காலஜி' இதழ் அதை வெளியிட்டது. அச்சில் பார்க்க லிண்டமன் இல்லை. அதற்குள் 26 வயதிலேயே இறந்துபோயிருந்தார்.

அந்தக் கட்டுரையின் எண்களை நம் வகுப்பறையில் யாரும் காட்டுவதில்லை. ஏரியில் விழுந்த சூரிய ஆற்றலில் தாவரங்கள் பிடித்தது 0.1 சதவீதம். அதிலிருந்து தாவர உண்ணிகளுக்குப் போனது 13.3 சதவீதம்; அங்கிருந்து ஊனுண்ணிகளுக்கு 22.3 சதவீதம். ஒப்பிட அவர் எடுத்துக்கொண்ட விஸ்கான்சினின் மெண்டோட்டா ஏரியில் தாவர உண்ணிகளில் தொடங்கி மேலுள்ள மூன்று படிகள் 8.7, 5.5, 13 என்று ஏறி இறங்குகின்றன. பத்து சதவீதம் எந்தப் படியிலும் இல்லை. மேலே போகப்போக உயிரினங்கள் உணவைத் திறமையாகப் பயன்படுத்துகின்றன போலும் என்றுதான் அவருக்கே தோன்றியது. 1957இல் ஹோவர்ட் ஓடம் வெளியிட்ட ஃபுளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் கணக்கு அதையும் கவிழ்த்தது. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 20,810 கிலோ கலோரி மொத்த உற்பத்தி, தாவர உண்ணிகளிடம் 3,368, ஊனுண்ணிகளிடம் 383, உச்சியில் இருப்பவற்றிடம் 21. வகுத்துப் பார்த்தால் 16, 11, 5 என்று படிப்படியாகக் குறைகிறது. ஒரு நீர்நிலையில் ஏறுகிறது, இன்னொன்றில் இறங்குகிறது.

அப்படியானால் பத்து என்பது வெறும் புருடாவா? இல்லை. 1995இல் டேனியல் பாலியும் வில்லி கிறிஸ்டென்சனும் 48 நீர்ச் சூழல் மண்டலங்களின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி ஏறத்தாழ பத்துதான் வந்தது. ஆனால் அந்தச் சராசரிக்கு அடியில் 2 முதல் 24 சதவீதம் வரை எண்கள் சிதறிக்கிடந்தன. நம் பாடம் சராசரியை வைத்துக்கொண்டு சிதறலைத் தூக்கி எறிந்துவிட்டது.

விதியின் பயனைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. ஒவ்வொரு படியிலும் ஆற்றலின் பெரும்பகுதி மூச்சிலும் வெப்பத்திலும் போய்விடுகிறது, போனது திரும்பாது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பல கதவுகள் திறக்கும். உணவுச் சங்கிலி ஏன் நாலைந்து கண்ணியோடு நின்றுவிடுகிறது, மிதவை உயிரிகளைத் தின்னும் மத்தி கூட்டங்கூட்டமாகக் கிடைக்கையில் மேல்படியில் இருக்கும் சூரை ஏன் அந்த அளவுக்குக் கிடைப்பதில்லை, காட்டில் மான் நூற்றுக்கணக்கில் திரிய புலி ஏன் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறது என்பதெல்லாம் தனித்தனி வியப்புகளாக இல்லாமல் ஒரே காரணத்தில் வந்து நிற்கின்றன. பதினேழு வயதில் இப்படி ஒரு பிடி கிடைப்பது பெரிய விஷயம். சார்ல்ஸ் எல்டன் 1927லேயே எண்ணிக்கைப் பிரமிடைச் சொல்லிவிட்டார் என்றாலும், அதன் அடியில் ஓடும் ஆற்றல் கணக்கைக் காட்டியது லிண்டமனின் வழிதான்.

சிக்கல், அந்தப் புலியிடமே தொடங்குகிறது. பாலூட்டியும் பறவையும் உடல் சூட்டைக் காப்பாற்றவே செரித்த உணவில் பெரும்பங்கைச் செலவழிக்கின்றன. உடலாகச் சேர்வது நூற்றில் ஒன்று முதல் மூன்று பங்கு. மீனில் இது பத்தை ஒட்டி வரும். பூச்சியில் நாற்பதுகூட வரும். எனவே வெட்டுக்கிளிக்கும் கழுகுக்கும் ஒரே பத்து என்று எழுதுவது உடலியங்கியல் பாடத்துக்கே முரண். வெப்ப இரத்தப் பிராணி, குளிர் இரத்தப் பிராணி என்று ஒரு பாடத்தில் படித்ததை இன்னொரு பாடத்தில் மறக்கச் சொல்கிறோம். போதாக்குறைக்கு, ஒரு புலி தன் பகுதியிலுள்ள இரைவிலங்குகளில் ஆண்டுக்குச் சுமார் பத்து சதவீதத்தை அடித்துத் தின்னும், அதனால் ஒரு புலிக்கு 500 இரைவிலங்காவது வேண்டும் என்று புலி ஆய்வாளர்கள் போடும் கணக்கையும் மாணவர்கள் இதே விதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது எண்ணிக்கையில் எடுக்கும் பங்கு. ஆற்றல் கைமாறும் பங்கு அல்ல. பத்து என்ற எண் ஒன்றாக இருப்பதுதான் வினை.

பிரமிடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலக் கால்வாயில் சதுர மீட்டருக்குத் தாவர மிதவை உயிரிகள் 4 கிராம், விலங்கு மிதவை உயிரிகள் 21 கிராம் என்ற தலைகீழ்ப் பிரமிடைப் பாடநூல்களே காட்டுகின்றன. ஏன் தலைகீழ் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். நாலு கிராம் பாசி சில நாளுக்கொருமுறை புதுப்பித்துக்கொள்கிறது என்பதே விடை.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. படத்தின் மூலையில் 'சிதைப்பவை' என்று ஒரு கட்டம் போட்டு, எல்லாவற்றிலிருந்தும் அதற்கு அம்பு இழுத்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். காடுகளில் விளையும் இலையில் பெரும்பகுதியை எந்த மானும் தின்பதில்லை. அது சருகாக விழுந்து பூஞ்சைக்கும் கறையானுக்கும் மண்புழுவுக்கும்தான் போகிறது. அதாவது பிரதான சாலை மூலையில் இருக்கிறது, நடுப்படத்தில் இருப்பது கிளைப்பாதை. இந்த மூலையைக் கவனிக்காவிட்டால் என்னாகும் என்பதற்கு உதாரணம், செத்த விலங்குகளைத் தின்னும் பாறுக் கழுகுகள். 1990களில் தொடங்கி பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. மாட்டுக்குப் போட்ட வலிநிவாரணி டைக்ளோஃபினாக், செத்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004இல் தெரியவந்தது. 2006இல் கால்நடை மருத்துவத்தில் அதற்குத் தடை வந்தது. தமிழ்நாட்டில் இன்று அவற்றின் கடைசிப் புகலிடம் நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கு. ஆற்றல் கணக்கில் பார்த்தால் பாறு தின்பது கொசுறு. ஆனால் அது போன பிறகு பிணங்கள் கிடந்து நாறின, தெருநாய்கள் பெருகின. எவ்வளவு ஆற்றல் வழியாகப் போகிறது என்பதை வைத்து ஓர் உயிரினத்தின் முக்கியத்தை எடைபோட முடியாது என்பதைப் பூஜ்யம் அடிக்கும் கணக்கு ஒருபோதும் சொல்லித்தராது.

செய்முறையில் இதைச் சரிசெய்யச் செலவே இல்லை. பள்ளியின் புங்க மரத்தடியில் ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, வாரந்தோறும் விழும் சருகைப் பொறுக்கிக் காயவைத்து எடை போடலாம். அதில் சில இலைகளை வரைபடத் தாளில் வைத்துப் பூச்சி கடித்த ஓட்டை எத்தனை கட்டம் என்று எண்ணலாம். தின்றது எவ்வளவு, தின்னாமல் விழுந்தது எவ்வளவு என்ற விகிதம் மாணவர் கைக்கே வந்துவிடும். எண் வாரத்துக்கு வாரம் மாறும், மாறட்டும்.

நீட் தேர்வுக்கு நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கப் பழக்குவதே பெரும்பாடாக இருக்கையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நேரம் இல்லாவிட்டால் வினாவையாவது மாற்றலாம். புல், வெட்டுக்கிளிக்குப் பதிலாக சில்வர் ஸ்பிரிங்ஸின் நான்கு எண்களைக் கொடுத்து, ஒவ்வொரு படியிலும் எத்தனை சதவீதம் போகிறது என்று வகுக்கச் சொல்லி, மூன்று விடையும் ஏன் ஒன்றாக இல்லை என்பதற்கு ஒரே ஒரு காரணம் கேட்டால் போதும். திருத்துவதும் சுலபம், காரணம் எழுதத் தெரியாதவருக்கும் வகுத்ததற்கான மதிப்பெண் கிடைத்துவிடும்.