திண்டுக்கல் வட்டார ரயில் ஒளிப்படங்கள்: ஒரு மதிப்பீடு

திண்டுக்கல் வழியாகச் செல்லும் திருச்சி–மதுரை மீட்டர் பாதை 1875-இல் திறக்கப்பட்டது. பழனி, பொள்ளாச்சி செல்லும் பாதை பின்னர் அமைந்தது. சிறுமலை பின்னணியில் தெரியும் அம்பாத்துரை, கொடைக்கானல் ரோடு பகுதிகள் ரயிலைப் படமெடுக்க ஏற்றவை.

ரயில் ஆர்வலர்களின் படங்களுக்குப் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டு. எஞ்சின் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். வண்டி முழுதாக விழ வேண்டும். குறுக்கே ஆள் வரக்கூடாது. எஞ்சின் வரலாற்றுக்கு இது போதும். ஊர் வரலாற்றுக்குப் போதாது.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை நீராவி ரயில்களை இரவில் படமெடுத்தார். அவருடைய புகழ்பெற்ற 1956-ஆம் ஆண்டுப் படத்தில், திறந்தவெளித் திரையரங்கில் காருக்குள் அமர்ந்திருக்கும் இணையரே முன்னால் இருக்கின்றனர். ரயில் பின்னால் ஓடுகிறது. நீராவி வண்டிகளோடு அக்கால ஊர் வாழ்க்கையும் அதில் பதிவாகியிருக்கிறது.

இவ்வட்டாரத்திலும் அதற்கு இடமுண்டு. ரயில்வே கேட்டில் நிற்கும் ஒட்டன்சத்திரம் காய்கறி லாரி, தைப்பூசப் பாதயாத்திரைக் கூட்டம், நடைமேடையில் பூக்கூடையுடன் காத்திருக்கும் பெண் ஆகியோரும் ரயிலின் கதையே. மீட்டர் பாதை இன்று அகலப்பாதையாகிவிட்டது. பழைய எஞ்சினை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்; அதில் ஏறி இறங்கியவர்களை அன்று எடுத்த படத்தில் மட்டுமே பார்க்க முடியும்.