இருத்தலும் ஊடலும்: மணி கௌலின் ‘உஸ்கி ரொட்டி’

மோகன் ராகேஷின் ஹிந்திச் சிறுகதையொன்றைத் தழுவி 1969 இல் மணி கௌல் நெறிப்படுத்திய ‘உஸ்கி ரொட்டி’ அவரது முதலாவது முழுநீளத் திரைப்படமாகும். பூனா திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கிடம் பயின்றவரான அவர், திரைப்பட நிதிக் கூட்டுத்தாபனத்தின் கடனுதவியுடன் இதனை எடுத்தார். மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ வெளிவந்ததும் அதே காலப்பகுதியிலேதான். ஆயினும் ‘புவன் ஷோம்’ பெற்ற வரவேற்பு இதற்குக் கிட்டவில்லை. ஒன்றுமே நிகழாத படம், பார்வையாளனின் பொறுமையைச் சோதிக்கும் படம் என்றெல்லாம் ஜனரஞ்சக சஞ்சிகைகள் இதனைத் தாக்கின.

ஒன்றுமே நிகழவில்லை என்ற குற்றச்சாட்டைச் சற்று நிதானித்து நோக்குதல் வேண்டும். கதை மிகச் சிறியது. பஞ்சாப் கிராமமொன்றிலே தங்கை ஜிந்தாவுடன் வாழ்பவள் பாலோ. பஸ் சாரதியான கணவன் சுச்சா சிங்குக்கு நாள்தோறும் ரொட்டி சுட்டு, துணியில் முடிந்துகொண்டு, நெடுஞ்சாலைக்கு நடந்து வந்து அவனது பஸ்ஸுக்காகக் காத்து நிற்பது அவள் கடமை. அவனோ நகரிலே சீட்டாட்டமும் வேறொரு பெண்ணின் தொடர்புமாக வாழ்கிறான். ஒரு நாள் ஜங்கி என்பவன் ஜிந்தாவிடம் முறைகேடாக நடக்க முற்பட்டதனால் பாலோ சாலைக்கு வரத் தாமதமாகிறது. சுச்சா சிங் சினங்கொண்டு, ரொட்டியை ஏற்காது, பஸ்ஸைச் செலுத்திக்கொண்டு போய்விடுகிறான். இருள் கவிந்த பின்னரும் அவள் அவ்விடத்திலேயே நிற்கிறாள். இவ்வளவே கதை.

காத்திருக்கும் மனைவி தமிழ் மாணவருக்குப் புதியவளல்லள். முல்லைத் திணையின் உரிப்பொருளே இருத்தல்தான். கார்காலம் தொடங்குமுன் மீள்வேன் என்று கூறிச் சென்றவனின் சொல்லை நம்பி ஆற்றியிருப்பவளை நம் புலவர்கள் நயம்படப் பாடியுள்ளனர். முல்லைப்பாட்டிலே பாசறையும் வீடும் ஒன்றையொன்று நோக்கியவாறு அமைகின்றன; வெற்றியுடன் மீளும் தலைவனது தேர்க் குதிரைகளின் ஒலி இறுதியில் தலைவியின் செவியை எட்டுகிறது. காத்திருத்தல் அழகு பெறுவது அதற்கொரு முடிவு உண்டு என்பதனாலேயே. பாலோவின் நிலைமை வேறு. சுச்சா சிங் போருக்கோ பொருளீட்டவோ தூர தேசம் போகவில்லை. நாள்தோறும் அதே சாலையால் வருகிறான். வருகிறானேயன்றி அவளிடம் மீள்வதில்லை.

உண்மையில் பாலோ வாழும் நிலமும் மருதம், அவள் வாழ்க்கைச் சிக்கலும் மருதம். விளைநிலம் சூழ்ந்த ஊர், பிற பெண்ணை நாடும் கணவன் என எல்லாம் அங்குள்ளன. ஆனால் மருதத் தலைவிக்கு ஓர் உரிமை இருந்தது. அவள் ஊடலாம், வாயில் மறுக்கலாம், தலைவன் பாணனையும் தோழியையும் தூதுவிட்டு வாசலில் நிற்க வேண்டிவரும். அவ்வுரிமையும் குறுகிய எல்லைக்குட்பட்டதே என்பது வேறு விடயம். இங்கு மருதத்தில் வாழும் பெண்மீது முல்லையின் ஒழுக்கம் சுமத்தப்படுகிறது. இன்னும் கூர்ந்து நோக்குமிடத்து, ஊடும் உரிமை கணவனின் கைக்கு மாறியிருப்பது புலனாகும். பிழை செய்பவனும் அவனே, முகந்திருப்பிக்கொண்டு போகிறவனும் அவனே. உணர்த்தும் பொறுப்போ, கையில் ரொட்டி முடிச்சுடன் தெருவோரத்தில் நிற்பவளுடையது. குடும்பத்தில் அவனது உழைப்புக்கு ஊதியம் உண்டு. அவளது உழைப்பு அந்த ஊதியம் வீடு வந்து சேர்வதற்கான விலையாக அமைகிறது. ஆதலால் அவளால் ஊட இயலாது.

கௌலின் உருவமுறை இவ்விடத்திலேதான் பொருள் பெறுகிறது. ஒளிப்பதிவாளர் கே. கே. மகாஜனுடன் சேர்ந்து 28 மில்லிமீற்றர், 135 மில்லிமீற்றர் ஆகிய இரு வில்லைகளை அவர் பயன்படுத்துகிறார். முன்னது பாலோ நிற்கும் புறவுலகுக்கும் பின்னது அவள் மனவுலகுக்கும் உரியன போலத் தொடங்கிப் போகப்போக இடம் மாறுகின்றன. எது நடந்தது, எது அவள் நினைத்தது என்று நம்மாற் பிரிக்க முடியாது போகின்றது. நாள்தோறும் ஒரே இடத்தில் நிற்பவளுக்கு நேற்றும் இன்றும் அவ்வாறுதானே கலந்திருக்கும்! மா பிசையும் கைகளும், ஏற்றவிறக்கமின்றி ஒலிக்கும் உரையாடலும் ரொபேர் பிரெஸ்ஸோனின் படங்களை நினைவூட்டுவன. நாடகத்தன்மையான அழுகை எங்குமில்லை. கண்ணீர் சிந்தி நம் இரக்கத்தைப் பெற்றுத் தீர்த்துவிடும் மனைவியரையே கண்டு பழகிய நமக்கு, இரக்கத்தைச் செலவிட வழியின்றி அவளுடன் கூடவே நிற்க நேர்வது சலிப்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அச்சலிப்பு அவளுடையதுதான்.

எனினும் ஒரு தடை எழுகிறது. பாலோவின் அசைவற்ற நிலை பல காட்சிகளில் அம்ரிதா ஷெர்-கில்லின் ஓவியப் பெண்களைப் போன்று மிக அழகாக அமைந்துவிடுகிறது. துயரம் சிற்பமாக உறையும்போது, அத்துயரத்தை விளைவித்த ஏற்பாடு கண்ணுக்குத் தப்பிவிடும் அபாயம் உண்டு. முல்லைப் புலவர்கள் செய்ததையே கமெராவும் செய்கிறதோ என்று ஐயுற வேண்டியுள்ளது. கரிமா என்னும் நடிகையின் முகத்திலுள்ள களைப்பே படத்தை இவ்வபாயத்திலிருந்து பெரிதும் காக்கிறது எனலாம்.

தலைப்பைப் பற்றியும் ஒரு சொல். ஹிந்தியில் ‘உஸ்கி’ என்பது ஆணையும் குறிக்கலாம், பெண்ணையும் குறிக்கலாம். ஈற்றின் பெண்பால் வடிவம் ரொட்டி என்னும் பெயர்ச்சொல்லைப் பொறுத்தது. தமிழில் பெயர்க்க முனைந்தால் ‘அவனுடைய’ என்றோ ‘அவளுடைய’ என்றோ நாம் தீர்மானித்தாக வேண்டும். பிசைந்தவளும் சுட்டவளும் சுமந்தவளும் பாலோவாயிருக்க, ‘அவனுடைய’ என்றே நம் கை தயக்கமின்றி எழுதிவிடுகிறது.

ஜிந்தாவைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. படமும் அவளைத் தாமதத்துக்கான காரணமாகவே பெரும்பாலும் கையாள்கிறது. இது அதன் பெருங்குறை என்பது எமது கருத்து. அந்த ஒரு நாளில் பாலோவுக்கு இரு கடமைகள் இருந்தன. தங்கையைக் காத்தமைக்காக அவள் தண்டிக்கப்படுகிறாள். தண்டனையோ மேலும் நெடுநேரம் சாலையில் நிற்பதாகும். சுச்சா சிங்கின் கோபம் தணியட்டும் என்று அவள் அங்கு நிற்கும் ஒவ்வொரு நாழிகையும், ஜங்கி உலாவும் ஊரிலே ஜிந்தா வீட்டில் தனித்திருக்கும் நாழிகையாகும்.