ஆள்மாறாட்டமும் ஆட்சிபீடமும்

காதலும் அரசியலும் கலந்த ஹொலிவூட் நகைச்சுவைப் படங்களுள் 1993 இல் ஐவன் றைற்மன் இயக்கிய ‘டேவ்’ தனித்து நோக்கற்பாலது. அமெரிக்க ஜனாதிபதியை உருவில் ஒத்த சாமானியன் ஒருவன், அவர் நோயுற்று வீழ்ந்ததும் அவரிடத்தில் இரகசியமாக அமர்த்தப்படுகிறான். அன்ரனி ஹோப் 1894 இல் எழுதிய நாவலின் கருவே இது. அதே கருவை எம். ஜி. ஆர். 1958 இல் ‘நாடோடி மன்னன்’ ஆக்கினார் என்பதால் நமக்கு இது புதிதன்று.

வீடற்றோருக்கான திட்டத்தைக் காக்க டேவுக்கு 65 கோடி டொலர் தேவைப்படுகின்றது. கணக்காளனான நண்பனின் துணையுடன் அவன் அதனை மந்திரிசபைக் கூட்டத்திலேயே தேடியெடுத்து விடுகிறான். ஏற்கெனவே கார் வாங்கியோரை மனநிறைவடையச் செய்யும் விளம்பரச் செலவு போன்றன வெட்டப்படுகின்றன. காட்சி சிரிக்க வைப்பது, மறுப்பதற்கில்லை. ஆயின் வறுமையைக் கணக்குப் பிழையாக, நல்லவன் ஒருவன் பென்சிலுடன் அமர்ந்தால் தீரக்கூடியதாகக் காட்டும் கருத்துநிலை எவ்வர்க்கத்துக்கு ஆறுதலளிப்பது? செல்வத்தின் பங்கீடு பற்றிய வினா அங்கு எழுவதேயில்லை.

காதலும் இப்பணியையே செய்கின்றது. ஜனாதிபதியின் மனைவி போலியானவனை நேசிக்கத் தொடங்குவது அவனது நேர்மைக்குச் சான்றாகிறது. றொப் றெய்னரின் ‘தி அமெரிக்கன் பிரெசிடென்ற்’ (1995) படத்திலோ, சுற்றாடற் சட்டத்துக்காகப் பாடுபடும் காதலி பிரிந்த பின்னரே ஜனாதிபதிக்குத் தன் கொள்கை நினைவுக்கு வருகிறது. மக்கள் இயக்கம் ஆற்றவேண்டியதைக் காதலி ஆற்றுகிறாள்.

‘நாடோடி மன்ன’னின் பின்னாலேனும் தி.மு.க. என்ற இயக்கம் நின்றது. 1999 இல் வெளிவந்த ‘முதல்வ’னில் அதுவுமில்லை, தனியொருவன் ஒரே நாளில் ஊழல் அதிகாரிகளைப் பதவிநீக்கித் திரிகிறான்.

எனினும் ஆள்மாறாட்டக் கதை தன்னையறியாமலே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது: ஆள் யாராயினும் நாற்காலி இயங்கும். இதனை நாம் திரையில் மட்டும் கண்டவரல்லர். 1978 ஆம் ஆண்டு யாப்பு நிறைவேற்றதிகார ஜனாதிபதியை வழக்குகளுக்கு அப்பாற்பட்டவராக்கியது. அப்பதவியை ஒழிப்பதாக 1994 இல் வாக்களித்த சந்திரிகா குமாரதுங்க இருமுறை அதனை வகித்தார். 2022 யூலையில் மக்கள் ஜனாதிபதி மாளிகையுட் புகுந்தனர். கோத்தாபய ராஜபக்ச போனார், பதவி போகவில்லை. 2018 ஒக்ரோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தபோது மாகாண நிர்வாகம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கைக்குச் சென்றது. அந்த ஆளுநர் நல்லவரா என்ற விவாதத்திலேயே யாழ்ப்பாணத்தவர் பலர் நின்றுவிட்டோம்.

‘டேவ்’ படத்தின் முடிவில் நாயகன் வெள்ளை மாளிகையை விட்டகன்று, தன்னூர் நகரசபைத் தேர்தலில் நிற்கிறான். சில கணங்களே வந்துபோகும் அக்காட்சியிலிருந்து றைற்மன் தம் படத்தைத் தொடங்கியிருக்கலாம்.